நாலு கோபுரமும் இல்லாமப் போன இருபத்தஞ்சு மாடியும்

அன்புள்ள அண்ணா,

என் பேர் போட வேண்டாம். வீட்டுக்காரருக்கு தமிழ் படிக்க வராது, ஆனா கூகுள்ல போட்டு மொழிபெயர்த்துப் பாத்துடுவார்.

நான் ஸ்டுட்கார்ட்ல இருக்கேன். கல்யாணம் பண்ணிக்கிட்டது ஹங்கேரிக்காரரை, அவர் சொந்த ஊர் பேச், தெற்கு ஹங்கேரி, குரோஷியா பார்டர் பக்கம். சின்ன வயசுலயே வேலைக்குன்னு ஜெர்மனி வந்துட்டார். அவங்க அம்மா மட்டும் அங்க ஒரு பிளாட்ல தனியா இருக்காங்க. ரொம்ப வருஷம் கழிச்சு போன கோடையில பையனையும் கூட்டிட்டுப் போனோம். ஊர் எனக்குப் பிடிச்சிருந்தது, ஆனா சில விஷயம் உறுத்திட்டே இருக்கு. சதுக்கத்துல இருக்கற பெரிய சர்ச் ஒரு காலத்துல மசூதி. உச்சியில பிறையும் சிலுவையும் ஒண்ணா நிக்குது, உள்ள சுவத்துல குரான் எழுத்து, பக்கத்துலயே பூசை. "இது மசூதியா சர்ச்சா"ன்னு பையன் கேட்டான், எனக்கு பதில் தெரியல. இது ரெண்டு மதத்துக்கும் அவமானம் இல்லையா? யாருடையதோ அவங்ககிட்ட குடுத்துடலாமே? அடுத்து அந்த நாலு கோபுர கதீட்ரல். ஆயிரம் வருஷப் பழசுன்னு அவர் பெருமையா காமிச்சார், அப்புறம் கைடு புக்ல பாத்தா 1891ல கட்டி முடிச்சதுன்னு போட்டிருக்கு, ஏமாந்த மாதிரி ஆயிடுச்சு. இதெல்லாம் விட, இவ்வளவு அழகான கட்டடங்கள் இருக்கற ஊர்ல அவர் போய் ரொம்ப நேரம் பேசாம நின்னது ஒரு இடிச்ச பில்டிங் இருந்த இடத்துல. இருபத்தஞ்சு மாடியாம், அதுவும் யாருமே குடியில்லாம காலியா நின்னதாம்! இனிமே இந்த ஊருக்கு வரமாட்டேன், அம்மாவை நம்மகூட கூட்டிட்டுப் போயிடலாம், பிளாட்டை வித்துடலாம்னு சொல்றார். விக்கலாமா அண்ணா? நீங்க அந்த ஊர்ல கொஞ்ச நாள் தங்கினதா முன்னாடி எழுதியிருந்தீங்க, அதான் கேக்கறேன்.

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

பேர் போடல. மாப்பிள்ளை கூகுள்ல போட்டுப் படிச்சா படிக்கட்டும், பாதி அவருக்காகத்தான் எழுதறேன்.

ஊர் சுத்திட்டு வந்து எழுதற கடிதத்துக்கெல்லாம் நான் பொதுவா பதில் போடறதில்ல. இதுக்குப் போடறேன், ஏன்னா பேச் கதீட்ரல் மேல எனக்கு ஒரு தீராத கோபம் இருக்கு, அதை யார்கிட்டயாவது கொட்டித் தீக்கணும்னு கொஞ்ச நாளாவே மனசுல ஓடிட்டு இருந்துச்சு, நீங்களா வந்து மாட்டினீங்க. கதீட்ரலுக்கு வர்றதுக்கு முன்னாடி அந்த மசூதி விஷயத்தை முடிச்சுடறேன்.

பையன் கேட்டதுக்கு பதில் ரொம்ப சுலபம், "ரெண்டும்தான்"னு சொல்லியிருந்தா ஐஸ்கிரீம் கேட்டுட்டு ஓடியிருப்பான். பசங்களுக்கு இதுல ஒரு குழப்பமும் கிடையாது. குழப்பம் உங்களுக்கு. 1543ல துருக்கியர் பேச் ஊரைப் பிடிச்சாங்க, துருக்கிய அதிகாரி காசிம் பாஷா அந்த சதுக்கத்துல ஏற்கனவே இருந்த புனித பர்த்தலோமேயு சர்ச்சோட கல்லை எடுத்து இந்த மசூதியைக் கட்டினார். 1686ல துருக்கியர் போயாச்சு, கட்டடம் யேசு சபைக்காரங்க கைக்கு வந்துச்சு, அவங்க மினாரை இடிச்சாங்க, பரோக்னு அந்தக் காலத்து ஆடம்பர அலங்காரப் பாணியில பக்கத்துல ஒட்டு வேலை எல்லாம் பண்ணாங்க. அப்புறம் 1939லருந்து 42 வரைக்கும் நாந்தோர் கோர்மெந்தின்னு ஒரு ஆர்கிடெக்ட், யேசு சபைக்காரங்க ஒட்டினதை எல்லாம் கழட்டிப் போட்டுட்டு, துருக்கிய கும்மட்டத்தை வெளிய கொண்டு வந்து, பின்னாடி அரைவட்டமா புதுசா ஒரு பகுதியைச் சேத்தார். நீங்க பாத்தது இது எல்லாம் சேந்த ஒண்ணு. சதுக்கத்துல மத்த கட்டடம் எல்லாம் தெருவைப் பாத்து நிக்கறப்ப இது மட்டும் கொஞ்சம் கோணலா திரும்பி நிக்குதே, கவனிச்சீங்களா? தென்கிழக்கு, மெக்கா பக்கம். நானூத்தி எண்பது வருஷமா அது அப்படியேதான் திரும்பி நிக்குது, பூசை பண்ற பாதிரியாருக்கும் அதனால ஒண்ணும் ஆகல.

நீங்க போற போக்குல எழுதறீங்க, "யாருடையதோ அவங்ககிட்ட குடுத்துடலாமே"ன்னு. யார்கிட்டம்மா குடுக்கறது? பாஷாவோட வாரிசுக்கா? பர்த்தலோமேயு சர்ச்சுக்கு வந்துட்டு இருந்த 1543க்கு முந்தின ஜனங்க எங்க இருக்காங்க? துருக்கியர் போனப்ப ஊரே பாதி காலி, அதுக்கப்புறம் ஜெர்மன்காரங்க, குரோஷியாக்காரங்க, ஹங்கேரிக்காரங்கன்னு பல பக்கத்துலருந்து வந்து குடியேறின ஊர் அது. எந்த வருஷத்துல கோடு போட்டு இதுக்கு முன்னாடி இருந்தவன்தான் சொந்தக்காரன்னு சொல்லப் போறீங்க? (இதைப் படிச்சுட்டு உடனே நம்ம ஊர் சண்டையை இங்க இழுத்துட்டு வந்து எழுதற ஆளுங்களுக்கு: எழுதாதீங்க, நான் பேச் பத்தி மட்டும்தான் பேசறேன்.)

நான் அங்க தங்கினது ஒரு வயசான அம்மா வீட்டு மாடி ரூம்ல, டெட்யே மேட்டுக்குப் போற வழியில. 2010ல பேச், எஸ்ஸன், இஸ்தான்புல் மூணும் ஐரோப்பாவோட கலாசாரத் தலைநகரா இருந்துச்சு இல்லையா, அந்த ஆரவாரம் எல்லாம் அடங்கி, சதுக்கத்துல புதுசா போட்ட கல்லு மட்டும் பளபளன்னு இருந்த சமயம். அந்த அம்மா வேலை செஞ்சு ரிட்டயர் ஆனது கையுறை தொழிற்சாலையில. பேச் ஊர் தோல் கையுறைக்கு ரொம்ப காலமா பேர் போனது, பத்தொன்பதாம் நூற்றாண்டுலருந்தே. அவங்க விரல் நுனி எல்லாம் காய்ப்புக் காய்ச்சிருக்கும், ஆனா ஞாயித்துக்கிழமை காலையில வெள்ளைக் கையுறை மாட்டிட்டுத்தான் பூசைக்குக் கிளம்புவாங்க. எங்க போறீங்கன்னு கேட்டா "ஜாமிக்கு"ன்னு சொல்வாங்க, அதாவது மசூதிக்கு. கும்புடப் போறது மாதாவை, போறது ஜாமிக்கு. ஊர்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. அவங்க ஜெர்மன் வம்சாவளி, பேசறது கிராமத்து ஸ்வாபிய ஜெர்மன், நான் பேசறது ஓட்டை ஜெர்மன், ஆனா ராத்திரி சூப் குடிச்சுட்டு உக்காந்தா ரெண்டு மணி நேரம் போறது தெரியாது. அவங்க சொந்தத்துல பாதிப் பேரை 1946லருந்து 48க்குள்ள ஜெர்மன்காரங்கன்னு சொல்லி ரயிலேத்தி அனுப்பிட்டாங்க, இவங்க குடும்பம் எப்படியோ தங்கிடுச்சு. அந்தக் கதையை அவங்க கோவமா சொல்லி நான் கேட்டதே இல்ல, அன்னிக்கு மார்க்கெட்ல முட்டைக்கோஸ் விலை சொல்ற அதே குரல்லதான் அதையும் சொல்வாங்க.

ஒரு நாள் அவங்ககிட்ட நீங்க இப்ப கேட்ட அதே கேள்வியை நானும் கேட்டேன், பிறைக்குக் கீழ முட்டி போடறது ஒரு மாதிரி இல்லையான்னு. கிழவி என்னை ஏற இறங்கப் பாத்துட்டு, நான் மேல பாக்கறதில்ல, முன்னாடி பாக்கறேன்னுட்டாங்க. அதோட விட்டுட்டேன், நீங்களும் விட்டுடுங்க.

இப்ப கதீட்ரல்.

ஏமாந்த மாதிரி இருக்குன்னு எழுதியிருக்கீங்க. ஏமாந்தது உண்மைதான், ஆனா ஏமாத்தினது உங்க வீட்டுக்காரர் இல்ல. அவர் சொன்ன ஆயிரம் வருஷமும் பொய் இல்ல, பேச் மறைமாவட்டத்தை ஹங்கேரியோட முதல் ராஜா இஸ்த்வான் தொடங்கினது 1009ல, 1064ல அந்த முதல் சர்ச் தீப்பிடிச்சு எரிஞ்சு, அப்புறம் எழுப்பினதுதான் இந்த கதீட்ரலோட ஆரம்பம். அதோட நிலவறை இன்னிக்கும் இருக்கு, அஞ்சு வரிசையா பிரிஞ்சு தூண் தூணா நிக்குமே, கீழ இறங்கிப் பாத்தீங்களா இல்லையா? பாக்கலைன்னா மறுபடி போகத்தான் வேணும். மேல இருக்கற சர்ச் அதுக்கப்புறம் எழுநூறு வருஷமா ஒவ்வொரு காலத்துலயும் ஒவ்வொருத்தர் கைபட்டு வளந்துச்சு. கோத்திக் காலத்துல, அதாவது கூரான வளைவு வெச்சுக் கட்டின காலத்துல, பக்கத்துல சின்னச் சின்ன சேப்பல் சேத்தாங்க. துருக்கியர் அதை தானியக் கிடங்காவும் ஆயுதக் கிடங்காவும் வெச்சிருந்தாங்க. அவங்க போனதும் பரோக் ஆட்கள் வந்து பீடம் எல்லாம் வெச்சு பூசினாங்க. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல மிஹாய் போல்லாக், பிற்பாடு புதாபெஸ்ட்ல தேசிய மியூசியத்தைக் கட்டினாரே அவரேதான், வந்து வெளிப்பக்கத்துக்குத் தன் ரசனைக்கு ஒரு கோத்திக் சட்டை மாட்டி விட்டார். ஆக 1880ல நீங்க போய் நின்னிருந்தா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத ஏழெட்டு காலம் ஒரே சுவத்துல ஒட்டிட்டு நின்னுருக்கும். விரிசலும் இருந்துச்சு, ரிப்பேர் தேவைதான், அதை நான் மறுக்கல.

1882ல வியன்னாவுலருந்து ஃப்ரீட்ரிக் ஃபான் ஷ்மிட்டை வரவெச்சாங்க. லேசுப்பட்ட ஆள் இல்ல, வியன்னா மாநகராட்சி மாளிகையைக் கட்டினவர், புனித ஸ்டீபன் கதீட்ரலைப் பாத்துக்கிட்டவர். பிஷப் நாந்தோர் துலான்ஸ்கி பணத்துக்குக் குறை வெக்கல. ஷ்மிட் என்ன பண்ணார்? இந்த சர்ச்சோட அசல் ரோமனெஸ்க் உருவத்தை, அதாவது கோத்திக்குக்கு முந்தின கனத்த சுவரும் அரைவட்ட வளைவுமா இருக்கற பாணியை, மீட்டுத் தரேன்னார். மீட்கறதுக்காக, ரோமனெஸ்க் இல்லாத எல்லாத்தையும் எடுத்தார். கோத்திக் போச்சு, பரோக் போச்சு, போல்லாக் போட்ட சட்டை போச்சு. அப்புறம் அசல் ரோமனெஸ்க் சுவரே கோணலா, அழுக்கா, அவர் மனசுல இருக்கற ரோமனெஸ்க் மாதிரி இல்லாம இருந்துச்சு, அதனால அதுலயும் பெரும்பகுதியை எடுத்துட்டார். நிலவறையும் சுவர்ல கொஞ்சமும்தான் மிச்சம். ஒன்பது வருஷத்துல நாலு கோபுரமும் ஒரே அளவா, வெட்டின கேக்கு மாதிரி நறுக்குன்னு நிக்குது, 1891ல பேரரசர் ஃப்ரான்ஸ் யோசஃப் முன்னாடி அர்ச்சிப்பு.

இந்த இடிப்புலதான் பன்னண்டாம் நூற்றாண்டு சிற்பங்கள் கூட்டம் கூட்டமா கிடைச்சுது, நிலவறைக்கு இறங்கற படிக்கட்டுச் சுவத்துல இருந்தது, பைபிள் கதை எல்லாம் வரிசையா, அதுல சாம்சன் கதையைப் பாத்தா நாள் பூரா பாத்துட்டே இருக்கலாம். சரி, கிடைச்சுதே, அசலை மீட்கத்தானே வந்தீங்க, அதைத் திருப்பி அதே இடத்துல வெக்க வேண்டியதுதானே? வெக்கல. உடைஞ்சிருக்கு, மூக்கு இல்ல, கை இல்லன்னு புதுசா செதுக்கி படிக்கட்டுல மாட்டிட்டு, நிஜத்தைக் கொண்டு போய் ஓரமா வெச்சாங்க. இன்னிக்கு அது கதீட்ரலுக்குப் பக்கத்துல மியூசியத்துல இருக்கு. நீங்க கதீட்ரலைப் பாத்துட்டு காபி குடிக்கப் போயிருப்பீங்க, எல்லாரும் அப்படித்தான் போறாங்க. நான் அந்த மியூசியத்துல இருந்த நேரம் முழுக்க என்னைத் தவிர ஒரு ஆள் இல்ல, காவலுக்கு இருந்த அம்மா குறுக்கெழுத்து போட்டுட்டு இருந்தாங்க. அந்தக் கல்லுல சிலதுல எண்ணூறு வருஷத்து நிறம் இன்னும் லேசா ஒட்டிட்டு இருக்கு. நிஜம் ஆள் இல்லாத ரூம்ல, நகல் ஆயிரம் பேர் போட்டோ எடுக்கற படிக்கட்டுல. இதுக்குப் பேர் புனரமைப்பு!

காசிம் பாஷா சர்ச் கல்லை எடுத்து மசூதி கட்டினார், சரி, அது ஒரு ஜெயிச்சவனோட முரட்டுத்தனம், அதை யாரும் நல்லதுன்னு சொல்லல. ஆனா அவர் கட்டினதை இதுதான் பர்த்தலோமேயு சர்ச்சோட உண்மையான உருவம்னு யார்கிட்டயும் சொல்லல. நான் வந்தேன், எடுத்தேன், எனக்கு வேண்டியதைக் கட்டினேன், அவ்வளவுதான். துருக்கியர் கதீட்ரலை நூத்தி நாப்பது வருஷம் கிடங்கா வெச்சிருந்தும் கதீட்ரல் பொழச்சுது. ஒன்பது வருஷம் அன்பு வெச்சவர்கிட்டதான் பொழைக்கல. ஷ்மிட்டுக்கு அந்தக் கட்டடத்து மேல நிஜமாவே பிரியம் இருந்துச்சுன்னு நான் நம்பறேன், அதுதான் எனக்கு இன்னும் கடுப்பு. அந்தக் காலத்துல ஐரோப்பா முழுக்க இந்தக் காய்ச்சல், பிரான்ஸ்ல வியோலே-லெ-டூக்ங்கற ஆர்கிடெக்ட் ஆரம்பிச்சு வெச்சது, புதாபெஸ்ட்ல மாத்தியாஸ் சர்ச்சை அதே காலத்துல அப்படியே புரட்டிப் போட்ட ஷூலெக் யார்னு நினைக்கறீங்க, இந்த ஷ்மிட்டோட மாணவர்தான். பழசை நேசிக்கறேன்னு சொல்றவன் தனக்குப் பிடிச்ச ஒரே ஒரு பழசை மட்டும் நேசிச்சான்னா, மிச்ச பழசுக்கெல்லாம் அவனை மாதிரி எதிரி கிடையாது. சுத்தம் பண்றேன்னு வர்றவன் கையில சுத்தியல் இருக்கான்னு முதல்ல பாக்கணும்.

நீங்க உடனே கேப்பீங்க, அப்ப கோர்மெந்தி மட்டும் என்ன, யேசு சபைக்காரங்க வேலையை இடிச்சுத்தானே துருக்கிய கும்மட்டத்தை வெளிய எடுத்தார், அது மட்டும் சரியான்னு. நியாயமான கேள்வி. அதுவும் இடிப்புதான், யேசு சபைக்காரங்க கட்டினது எனக்குப் பாக்கக் கிடைக்காமப் போச்சு. ஆனா அவர் மினாரைப் புதுசா கட்டி ஒட்டல, 1580ல இப்படித்தான் இருந்துச்சுன்னு வேஷம் போடல, தேவைக்கு ஒரு புதுப் பகுதியைச் சேத்தார், அது இருபதாம் நூற்றாண்டு வேலைன்னு பாத்தாலே தெரியுது. அதனால அவரை மன்னிக்கறேன். இது ஓரவஞ்சனைன்னா இருந்துட்டுப் போகட்டும்.

ரோமானியர் காலத்துக் கல்லறைகள், யுனெஸ்கோ 2000ல பட்டியல்ல சேத்ததுன்னு ஒரு பாரா எழுதியிருந்தீங்க, அதை மேல வெட்டிட்டேன், அது எல்லா கைடு புக்லயும் இருக்கு. பேச் ஊரோட ஜோல்னாய் பீங்கானுக்கும் அதேதான், அந்த நீரூத்துல மாட்டுத் தலை நாலும் பச்சையும் நீலமுமா மின்னறது அழகுதான், ஆனா எயோசின்ங்கற அந்த மின்னற பூச்சைப் பத்தி பாட்டுப் பாட ஆயிரம் பேர் இருக்காங்க. காதலர்கள் கம்பியில பூட்டு மாட்டற தெருவுல மாப்பிள்ளை பேர் போட்ட பழைய பூட்டைத் தேடினதா வேற எழுதியிருந்தீங்க. கிடைச்சிருந்தா அதுல உங்க பேரா இருந்திருக்கும்? தேடாதீங்க.

ஆனா ஒண்ணு கேக்கறேன். இவ்வளவு நீள கடிதத்துல கோசுத் சதுக்கத்து சினகாக், அதான் யூதர்களோட வழிபாட்டுக் கூடம், அதைப் பத்தி ஒரு வரி கூட இல்லையே? ஜாமியிலருந்து நடந்து போற தூரம்தானே அது. 1869ல திறந்தது. அதுக்குள்ள ஆர்கன்னு ஒரு பெரிய குழாய் இசைக்கருவி இருக்கு, யோஜெஃப் ஆங்ஸ்டர் பண்ணது. அவர் கத்தோலிக்கர், பாரீஸ் போய் கவாயே-கோல்ங்கற ஆர்கன் செய்யறவர் பட்டறையில தொழில் கத்துக்கிட்டு வந்து பேச்ல கடை போட்டார், அவர் தன் பேர்ல பண்ண முதல் ஆர்கன் இந்த சினகாக்குக்குத்தான். கதீட்ரல் ஆர்கன் அதுக்குப் பல வருஷம் கழிச்சுத்தான் அவர் கைக்கு வந்துச்சு. 1944 ஜூலையில இந்த ஊர் யூதர்களை ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு ரயிலேத்தினாங்க, ரொம்பக் கொஞ்சம் பேர்தான் திரும்பினாங்க. கட்டடத்துக்குப் பெரிய இடிப்பு கிடையாது, யாரும் மதம் மாத்தி உச்சியில வேற சின்னம் வெக்கல, ஆர்கன் கூட இருக்கு. "யாருடையதோ அவங்ககிட்ட" குடுத்துடணும்னு சொன்னீங்களே, இங்க அவங்ககிட்டதான் இருக்கு, ஒரு சின்ன சமூகம் இன்னும் நடத்துது. ஆனா 1869ல அத்தனை பேர் உக்கார கட்டின மண்டபம் அது. பிறையும் சிலுவையும் ஒண்ணா நிக்கறது உறுத்துச்சு, அந்தப் பெஞ்சு காலியா கிடக்கறது கண்ணுலயே படலையாம்மா? கொஞ்சம் கடுமையா கேக்கறேன்தான், கோச்சுக்காதீங்க, ஆனா கேக்காம இருக்க முடியல.

இப்ப மாப்பிள்ளை நின்னாரே அந்த இடம். கடிதத்துலயே எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான், நீங்க என்னடான்னா ஆச்சரியக்குறி போட்டு எழுதியிருக்கீங்க, ஏதோ மனுஷனுக்குக் கிறுக்குப் பிடிச்ச மாதிரி.

அந்த பில்டிங்கை நான் பாத்திருக்கேன். ஊர்ல மகஷ்ஹாஸ்னு சொல்வாங்க, உயரமான வீடு, அவ்வளவுதான் பேரு. 1976ல கட்டி முடிச்சது. யூகோஸ்லாவியாவுலருந்து வாங்கின தொழில்நுட்பம், தனித்தனியா வார்த்த கான்கிரீட் துண்டுகளை இழுத்துக் கட்டின எஃகுக் கம்பியால பிடிச்சு நிறுத்தறது. பேச் அப்ப நிலக்கரியும் யுரேனியமும் தோண்டற ஊர், சுரங்கத்துக்கு ஆள் வந்துட்டே இருந்தாங்க, வீடு வேணும், சீக்கிரம் வேணும். பத்துப் பதிமூணு வருஷத்துல கம்பி துருப்பிடிச்சிருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. 1989ல எல்லாரையும் காலி பண்ணச் சொன்னாங்க. அப்புறம் சரி பண்ணலாமா, விக்கலாமா, இடிக்கலாமான்னு பேசிட்டே கால் நூற்றாண்டுக்கு மேல ஓடிப் போச்சு. அதுக்குள்ள யுரேனியம் சுரங்கம் 1997ல மூடியாச்சு, நிலக்கரியும் கொஞ்ச வருஷத்துல முடிஞ்சுது. மத்திய ஐரோப்பாவுலயே ஆள் இல்லாத உயரமான கட்டடம்னு கின்னஸ்ல வேற இடம் பிடிச்சுது. ஒரு வழியா 2016ல மேலருந்து கீழா மாடி மாடியா பிரிச்சு எடுத்துட்டாங்க.

என் வீட்டுக்கார அம்மாவோட தங்கச்சி குடியிருந்தது அங்கதான், மேல் மாடியில. தங்கச்சி சுரங்கக்காரரைக் கட்டினவங்க. ஒரு பக்கம் ஜன்னலைத் திறந்தா மெசெக் மலை, மறு பக்கம் திறந்தா கண்ணுக்கெட்டின வரைக்கும் சமவெளி. குழாய்ல சுடுதண்ணி, லிஃப்ட். கிராமத்துல மண்தரை வீட்டுல பொறந்தவங்களுக்கு அது சொர்க்கம். காலி பண்ணச் சொன்ன அன்னிக்கு அந்த அம்மா போய் பாத்திரம் கட்டிக் குடுத்தாங்களாம், தங்கச்சி ஜன்னலைத் துடைச்சிட்டே இருந்தாங்களாம், இடிஞ்சு விழப் போகுதுன்னு சொல்ற வீட்டு ஜன்னலை எதுக்குடி துடைக்கறேன்னு இவங்க திட்டினாங்களாம். இதைச் சொல்றப்ப மட்டும் அந்த முட்டைக்கோஸ் குரல் மாறிடும்.

நான் வெட்டின பகுதியில அவர் வயசு பத்தி எழுதியிருந்தீங்க, அந்தக் கணக்குப்படி பாத்தா மாப்பிள்ளை நினைவு தெரிஞ்ச நாள்லருந்து அது காலியாத்தான் நின்னிருக்கும். ஸ்கூல் போறப்ப, பந்து விளையாடறப்ப, முதல் சிகரெட் பிடிக்கறப்ப, எல்லா சமயத்துலயும் அது பின்னாடி நின்னுருக்கும். புதாபெஸ்ட்லருந்து வர்ற ரயில் மேற்குப் பக்கமாத்தான் ஊருக்குள்ள நுழையும், அதனால ஊர் வந்தாச்சுன்னு முதல்ல சொல்றது கதீட்ரல் கோபுரம் இல்ல, அந்த இருட்டு ஜன்னல் அடுக்குதான். நான் பாத்தப்ப எனக்கே பயமாத்தான் இருந்துச்சு, அழகுன்னு சத்தியமா சொல்லமாட்டேன். அதுக்காக? கதீட்ரலுக்கு முன்னாடி அவர் பெருமைப்பட்டா நியாயம், மகஷ்ஹாஸுக்காக நின்னா கிறுக்கா? அந்த கதீட்ரல் அவர் பொறக்கறதுக்கு நூறு வருஷம் முன்னாடி கட்டின புதுசு, அதுவும் வேஷம் போட்ட புதுசு. பாட்டி முகத்துச் சுருக்கத்தை எல்லாம் இஸ்திரி போட்டு எடுத்து கல்யாண போட்டோவுல இருந்த மாதிரி உக்கார வெச்ச கதை. மகஷ்ஹாஸ் ஒரு வேஷமும் போடல. அவசரமா கட்டினாங்க, துருப்பிடிச்சுது, ஜனங்க போயிட்டாங்க, ஊருக்கு என்ன ஆச்சோ அதையே அதுவும் பட்டுச்சு. 1976லருந்து இன்னிக்கு வரைக்கும் பேச் எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்க ஒரே ஒரு கட்டடம் காமிக்கச் சொன்னா நான் அதைத்தான் காமிச்சிருப்பேன், இப்ப காமிக்க முடியாது.

இடிச்சது தப்புன்னு சொல்லல. தலையில விழுந்திருந்தா அப்புறம் இந்தத் தத்துவம் எல்லாம் பேச ஆள் இருக்கமாட்டோம். ஆனா அவர் அங்க நின்ன அந்த நேரத்துல நீங்க பக்கத்துல போய் நின்னுருக்கணும். போன்ல மணி பாத்துட்டு கார்லயே உக்காந்திருந்தேன்னு நான் வெட்டின பகுதியில நீங்களே எழுதியிருக்கீங்க. எந்த மாடியில லைட் எரிஞ்ச மாதிரி பசங்க கதை கட்டினாங்க, உள்ள யார் நுழைஞ்சு போலீஸ்ல மாட்டினாங்கன்னு கேட்டிருந்தா அந்த மனுஷன் சாயங்காலம் வரைக்கும் பேசியிருப்பார், பையனுக்கும் யுனெஸ்கோ கல்லறையை விட அது மனசுல நின்னுருக்கும்.

இனிமே வரமாட்டேன்னு சொன்னார்னு பதறாதீங்க. ஊருக்குப் போயிட்டு வந்த முதல் வாரம் எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க, அடுத்த கோடையில அவரே டிக்கெட் போடுவார்.

பிளாட்டை விக்கலாமான்னு கேட்டிருந்தீங்க இல்ல? கிட்டத்தட்ட மறந்தே போயிட்டேன். கடிதத்தை மறுபடி படிச்சுப் பாத்தேன். அதுல நீங்க பேசறீங்க, வீட்டுக்காரர் பேசறார், பையன் பேசறான். அந்த பிளாட்ல இத்தனை வருஷமா குடியிருக்கற உங்க மாமியார் ஒரு வார்த்தை பேசல. கூட்டிட்டுப் போறது அவங்களை, விக்கறது அவங்க வீட்டை, ஆலோசனை மட்டும் கடல் தாண்டி என்கிட்ட. அவங்ககிட்ட கேட்டீங்களா? முதல்ல அதைப் பண்ணுங்க. வேண்டாம்னு சொன்னா விக்காதீங்க, சரின்னு சொன்னா வித்துட்டு பணத்தை அவங்க பேர்லயே போடுங்க. அப்படியே ஞாயித்துக்கிழமை பூசைக்கு எந்த சர்ச்சுக்குப் போவாங்கன்னும் கேட்டு எனக்கு எழுதுங்க. கதீட்ரல்னு சொன்னாங்கன்னா எழுத வேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்